துரைசாமியின் காய்ச்சல்

துரைசாமிக்குக் காய்ச்சல் கண்டதில் சாத்தூர் தெற்குத் தெருவில் யாருக்கும் பெரிய ஆச்சரியம் இல்லை, ஏனென்றால் அந்தச் சித்திரையில் காய்ச்சல் வராத வீடு எது, ஆள் மாற்றி ஆளாகப் படுத்து எழுந்துகொண்டிருந்தார்கள், பிளாஸ்டிக்கில் செய்த பொம்மை என்பதற்காக அவர் மட்டும் தப்பித்துவிட முடியுமா என்றுதான் தெருவில் கேட்டார்கள்.

அவர் நர்சிங் பள்ளிக்கூடத்துப் பொம்மை. ஊர்க்கோடியில் ஒரு மாடியில் நடந்த அந்தப் பள்ளிக்கூடத்தில், வருஷக்கணக்காக ஒரே கட்டிலில் மல்லாந்து கிடந்தவர். வந்து போன பிள்ளைகள் அத்தனை பேரும் ஊசி போட்டுப் பழகியது அவர் இடுப்பில், கட்டுக் கட்டிப் பழகியது அவர் தலையில், ஆள் படுத்திருக்கும்போதே விரிப்பை மாற்றப் பழகியது அவரை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உருட்டி. முகம் வெள்ளைக்காரத் துரையின் முகம், எடுப்பான மூக்கு, நீலக் கண். வலதுகால் எப்போதோ உடைந்துபோய் வேறொரு பொம்மையின் கறுத்த காலை மாட்டியிருந்ததால் இடுப்புக்குக் கீழே பாதி நம்ம ஊர். எந்த வருஷத்துப் பிள்ளைகளோ அவருக்குத் துரைசாமி என்று பெயர் வைத்துவிட்டார்கள். டியூட்டர் மேடமும் அந்தப் பெயரைத்தான் சொல்லுவார். "துரைசாமி ஐயாகிட்டச் சொல்லிட்டுத் தொடு" என்பது அவருடைய ஓயாத பாட்டு. நோயாளியிடம் நான் இன்னார், இப்போது இதைச் செய்யப் போகிறேன் என்று சொல்லாமல் விரல் வைத்தால், அன்றைய வேலை சுத்தமாக முடிந்திருந்தாலும் முதலிலிருந்து செய்ய வேண்டும். அதனால் மூன்று வருஷமும் பிள்ளைகள் ஒரு பொம்மையைப் பார்த்து "ஐயா, வணக்கம்" என்று சொல்லிச் சொல்லியே நர்ஸ் ஆனார்கள்.

ஆனார்களே தவிர, வேலைதான் ஆகவில்லை. சங்கரேஸ்வரிக்கும் அவள் கூட்டாளிகள் ஜெபக்கனிக்கும் பாண்டிச்செல்விக்கும் படிப்பு முடிந்து, பதிவும் முடிந்து, வெள்ளை உடுப்பும் தைத்துத் தயாராக இருந்தது. விருதுநகரில் கேட்டார்கள், கோவில்பட்டியில் கேட்டார்கள், மதுரையில் ஒரு ஆஸ்பத்திரியில் காலையிலிருந்து உட்கார வைத்துச் சாயங்காலம் கேட்டார்கள். எங்கே போனாலும் கேள்வி ஒன்றேதான், எக்ஸ்பீரியன்ஸ் இருக்கா? பழம் தின்று கொட்டை போட்டவர்கள்தான் வேண்டும் என்றால் பழத்தை எந்தக் கடையில் விற்கிறார்கள் என்றாவது சொல்ல வேண்டாமா? கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் ஆகும் என்ற கதையாக, வெள்ளை உடுப்பை இஸ்திரி போட்டு மடித்து எடுத்துக்கொண்டு போவதும், மடிப்புக் கலையாமல் திரும்பக் கொண்டுவருவதுமாக ஒரு வருஷம் ஓடிவிட்டது. சங்கரேஸ்வரிக்குக் காலும் ஓய்ந்து, வாயும் ஓய்ந்து, கடைசியில் பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தாலும் வெளியே பார்க்கத் தோன்றாத அளவுக்கு மனசும் ஓய்ந்துவிட்டது. அவளுக்கு ஒரே ஒரு ஆசைதான் பாக்கி இருந்தது. தன்னை யாராவது ஒருத்தர், ஒரே ஒருதரம், 'சிஸ்டர்' என்று கூப்பிட்டுவிட வேண்டும். இதுவரைக்கும் 'ஏம்மா', 'பாப்பா', 'அந்தப் புள்ள', 'அடுத்த ஆளு' என்றுதான் கூப்பிட்டிருந்தார்கள்.

படிப்பு முடிந்தால் வேலை வாங்கித் தருவோம் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லியிருந்தார்களே, அதைக் கேட்கலாம் என்று மூவரும் ஒருநாள் போனபோது அங்கே பள்ளிக்கூடமே இல்லை. மாடியைக் கல்யாண மண்டபமாக மாற்றிக்கொண்டிருந்தார்கள். கீழே பழைய இரும்புக்காரரின் வண்டியில் கட்டில்கள், மலச்சட்டிகள், இவற்றுக்கு மேலே தலைகீழாகத் துரைசாமி. அவர் கண் திறந்தபடி வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஜெபக்கனிக்குப் பொறுக்கவில்லை. "ஏண்ணே, அவர எறக்குங்க. ஆளத் தலகீழாப் போடுவாகளா?" என்றாள். வண்டிக்காரர், சனியன் விட்டது என்பதுபோல இறக்கிக் கொடுத்துவிட்டார். மூவரில் சங்கரேஸ்வரி வீடுதான் பக்கம். அப்படித்தான் அவர் தெற்குத் தெருவுக்கு வந்து சேர்ந்தார்.

வந்தவரை உள்ளறையில் பாயில் படுக்கவைத்தார்கள். சங்கரேஸ்வரியின் அம்மா ராமுத்தாய், தீப்பெட்டி ஆபீஸுக்குப் போகிறவள், தலைக்கு ஒரு பழைய சேலையை மடித்து வைத்தாள். மகள் ஒரு வருஷமாக வெறுங்கையோடு வந்து வந்து ஒருநாள் இதையாவது கொண்டுவந்தாளே என்று நினைத்தாளோ என்னமோ. காய்ச்சல் வந்தது அதற்குக் கொஞ்சநாள் கழித்து. கை மறந்துவிடக் கூடாதே என்று சங்கரேஸ்வரி காலையில், "ஐயா, வணக்கம், நான் சங்கரேஸ்வரி, காய்ச்சல் பாக்கப் போறேன்" என்று சொல்லி அக்குளில் தெர்மாமீட்டரை வைத்து எடுத்தால், நூற்றிரண்டு. அவள் உதறிவிட்டுத் திரும்ப வைத்தாள். நூற்றிரண்டுதான். நெற்றியில் கைவைத்தாள்; வெயிலில் கிடந்த பிளாஸ்டிக்கின் சூடு இல்லை அது, ஆள் சூடு.

"யம்மா, இவருக்குக் காய்ச்சல் அடிக்கி."

ராமுத்தாய் வந்து புறங்கையால் கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள். "மேலெல்லாம் காயுதே. கஞ்சி வைக்கட்டா?" என்றாள்.

தெரு அதை ஏற்றுக்கொண்ட விதத்தைத்தான் சொல்ல வேண்டும். முதலில் பக்கத்து வீட்டுக்காரி ரசம் கொண்டுவந்தாள், பிறகு எதிர்வீட்டில் இருந்து நிலவேம்புக் கசாயம் வந்தது, மாரியம்மன் கோயில் திருநீறு வந்தது, ஜெபக்கனியின் சித்தி வழியாக வேளாங்கண்ணி எண்ணெய் வந்தது, பள்ளிவாசலில் ஓதிய தண்ணீரும் வந்தது. நோயாளியைப் பார்க்க வெறுங்கையோடு போகக் கூடாது என்று ரொட்டியும் சாத்துக்குடியுமாக வந்தவர்கள், பாயோரம் உட்கார்ந்து, "யாரு பெத்த பிள்ளையோ, இங்க வந்து கெடக்கு" என்று கண் கலங்கி, அந்தக் கலக்கத்தோடேயே தங்கள் வீட்டுக் கஷ்டத்தையும் சொல்லி அழுது ஆறுதலாகிப் போனார்கள். எல்லாம் உடம்பு பூராவும் போட்ட ஊசிதான் காரணம் என்றார் ஒருத்தர். இல்லை, தலைகீழாகப் போட்டதில் ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது என்றார் இன்னொருத்தர். அவருக்கு ரத்தம் உண்டா என்று யாரும் கேட்கவில்லை. வாடகை வாங்குகிற வீட்டுக்காரர் சுந்தரவேலு மட்டும் முறைப்படி ஒரு ஆட்சேபம் சொன்னார். கல்யாணத்துக்கு இருக்கிற பெண் உள்ள வீட்டில் உறவில்லாத ஆண்பிள்ளையை வைத்திருப்பது சரியா என்றார். தெருவே கூடிப் பேசி, காய்ச்சல் தணிகிற வரை இருக்கட்டும், தணிந்தபின் பார்க்கலாம் என்று முடிவாயிற்று. மறுநாள் சுந்தரவேலுவே ஒரு பழைய மின்விசிறியைக் கொண்டுவந்து கால்மாட்டில் வைத்துவிட்டு, "பாவம், வேர்க்குதுல்லா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மூன்று பேரும் முறை வைத்துக்கொண்டார்கள். காலைக்கு ஒருத்தி, சாயங்காலத்துக்கு ஒருத்தி, ராத்திரிக்கு ஒருத்தி. வெள்ளை உடுப்பு முதல் தடவையாக மடிப்புக் கலைந்தது, கஞ்சி சிந்திக் கறைபட்டது, துவைத்துக் கொடியில் காய்ந்தது. களைப்பு என்னமோ களைப்புதான், ஆனாலும் வேலை செய்த களைப்புக்கும் வேலை தேடிய களைப்புக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று சங்கரேஸ்வரிக்கு அப்போதுதான் தெரிந்தது. முன்னது தூங்கவிட்டது.

ஆனால் துரைசாமிக்குச் செய்வது வேலை என்று உலகம் ஒத்துக்கொள்ளவில்லையே! நாலுவழிச் சாலை ஓரத்தில் புதிதாகக் கட்டியிருந்த ஒரு ஆஸ்பத்திரியில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, ராத்திரி முறை முடித்த கண்ணெரிச்சலோடு போய் உட்கார்ந்தாள். மேனேஜர் நடராஜமணி நிமிர்ந்து பார்க்காமல் அதே கேள்வியைக் கேட்டார். வழக்கமாக இந்தக் கேள்விக்கு அவள் வைத்திருந்த பணிவான பதில் ஒன்று உண்டு. அன்றைக்கு அது வாயில் வரவில்லை.

"இப்ப ஒருத்தரப் பாத்துக்கிட்டிருக்கேன் சார். வீட்டுல. காய்ச்சல் எறங்க மாட்டேங்கி."

"யாரு, அப்பாவா?"

"இல்ல சார். எங்க பள்ளிக்கூடத்துப் பொம்மை."

மேனேஜர் பேனாவை வைத்தார். "அது நீங்கதானா? எங்க மாமியார் வந்து பாத்துட்டுப் போயிருக்காக" என்றார். கொஞ்சநேரம் மேசைமேல் விரலால் தாளம் போட்டுவிட்டு, "இங்க கொண்டு வந்துருங்கம்மா. மூணு பேரும் வந்துருங்க. பேஷன்ட் இருக்கிற வரைக்கும் உங்களுக்கு வேலை" என்றார்.

சங்கரேஸ்வரிக்குக் கேட்டது சரிதானா என்றே சந்தேகமாக இருந்தது. "ஆம்புலன்ஸ் அனுப்புவீகளா சார்?"

"பொம்மைக்கெல்லாம் அனுப்ப முடியாதும்மா" என்றார் மேனேஜர்.

அதனால் பஸ்ஸில் போனார்கள். சங்கரேஸ்வரியும் ஜெபக்கனியும் ஆளுக்கொரு பக்கம் தாங்கிப் பிடிக்க, பாண்டிச்செல்வி தண்ணீர் பாட்டிலும் துணிமூட்டையுமாகப் பின்னால் ஏற, கண்டக்டர் துரைசாமியை ஏற இறங்கப் பார்த்தார். நெற்றியில் கைவைத்துப் பார்த்தவர், "என்ன தாயி, இப்பிடிக் கொதிக்குது? இவ்வளவு நாளு வீட்டுல வச்சா பாத்தீக?" என்று கடிந்து, முன்சீட்டில் இருந்த ஆளை எழுப்பி இடம் பண்ணி, அவருக்கும் சேர்த்து முழு டிக்கெட் கிழித்தார்.

ஆஸ்பத்திரியில் வாசலை ஒட்டி, வருகிறவர்கள் போகிறவர்கள் எல்லாருக்கும் தெரியும்படி ஒரு கண்ணாடி அறை கொடுத்தார்கள். டாக்டர் வந்து பார்த்து, நாக்கை நீட்டச் சொல்லி, அவர் நீட்டாததால் விட்டுவிட்டு, காய்ச்சலுக்கு உண்டான மருந்தை எழுதினார். ஜனம் வந்தது. திருநெல்வேலியில் இருந்துகூட வேன் பிடித்து வந்தது. வந்தவர்கள் கண்ணாடிக்கு வெளியே நின்று துரைசாமியைப் பார்த்து உச்சுக் கொட்டிவிட்டு, வந்ததே வந்தோம் என்று பிரஷரையும் சர்க்கரையையும் பார்த்துக்கொண்டு போனார்கள். ஆஸ்பத்திரி நிறைந்து வழிந்தது. மூவருக்கும் கழுத்தில் தொங்கவிட அட்டை கொடுத்தார்கள், பெயரும் படமும் போட்டு. அதை ராமுத்தாய் வாங்கித் தன் கழுத்தில் மாட்டிக் கண்ணாடியில் பார்த்தாள், பிறகு தீப்பெட்டி ஆபீஸ் முழுக்கச் சொல்லிவிட்டு வந்தாள். பாண்டிச்செல்வியைப் பெண்கேட்டு நின்றுபோன இடத்திலிருந்து திரும்ப ஆள் வந்தது.

மேனேஜர் தினமும் ஒருதரம் எட்டிப் பார்ப்பார். அறை மேற்குப் பார்த்தது, மத்தியானத்துக்கு மேல் வெயில் கட்டில்மேலேயே விழும். திரையை இழுத்தால், "ஜனம் பாக்கணும்ல" என்று அவரே வந்து விலக்கிவிடுவார். ஒருநாள் போகிறபோக்கில், "நல்லாப் பாருங்க. ஆனா அவசரம் ஒண்ணும் இல்ல. பொறுமையாவே பாருங்க" என்றார். அவர் குரலில் கெட்ட எண்ணம் எதுவும் தெரியவில்லை. மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பேஷன்ட் இருக்கிற வரைக்கும் வேலை என்ற சொல்லுக்கு அப்போதுதான் முழு அர்த்தம் விளங்கியது.

அதற்குப் பிறகு கை தானாகவே மெதுவாயிற்று. ஈரத்துணியால் உடம்பு முழுக்கத் துடைக்க வேண்டிய இடத்தில் நெற்றியோடு நின்றது. தண்ணீர் கொடுக்க வேண்டிய நேரம் கொஞ்சம் தள்ளிப் போயிற்று. யாரும் யாருக்கும் சொல்லித்தரவில்லை, யாரும் யாரையும் கேட்கவில்லை. ஜெபக்கனி மட்டும் ஒருதரம், "ரொம்பப் போட்டுத் தொடைக்க வேணாம் புள்ள, பாவம், குளுரும்" என்றாள். நூற்றிரண்டுக்கு ஏறவிடாமலும் நூறுக்குக் கீழே இறங்கவிடாமலும் ஒரு மனிதரை நடுவில் நிறுத்திவைக்கிற வித்தை எந்தப் பள்ளிக்கூடத்திலும் கற்றுத்தராமலே அந்த மூன்று பிள்ளைகளுக்கும் வந்துவிட்டது. சங்கரேஸ்வரி நல்ல பிள்ளைதான், அவளுக்கும் வந்துவிட்டது. ஒரு வருஷம் அலைந்த கால்கள் அவளுக்கு வேறு எந்தப் புத்தியும் சொல்லவில்லை. ஆனால் வீட்டில் படுத்தால் தூக்கம் மட்டும் வராமல் போயிற்று.

ஒரு மத்தியானம். வெயில் கட்டிலில் விழுந்து கிடந்தது. கண்ணாடிக்கு வெளியே யாரும் இல்லை, சாப்பாட்டு நேரம். சங்கரேஸ்வரி தெர்மாமீட்டரை எடுத்துக்கொண்டு, பாட்டை ஒப்பிப்பதுபோல, "ஐயா, வணக்கம், நான் சங்கரேஸ்வரி, காய்ச்சல் பாக்கப் போறேன்" என்றாள்.

துரைசாமி வாயைத் திறந்தார். நெடுந்தூரம் நின்றுகொண்டே பயணம் வந்தவரின் குரலாக இருந்தது.

"சிஸ்டர்," என்றார். "எனக்கு எப்ப சரியாவும்?"

அவர் பேசியதில் அவளுக்கு ஆச்சரியம் இல்லை. காய்ச்சல்காரர் யார்தான் அதைக் கேட்காமல் இருக்கிறார்கள். அவள் தெர்மாமீட்டரைப் பிடித்தபடி அப்படியே நின்றாள். இத்தனை காலம் காத்திருந்த சொல், அலைந்து அலைந்து அது வந்து சேர்ந்த இடத்தையும் நேரத்தையும் பார்! வெட்கம் பிடுங்கித் தின்றது. தன்னைப் பெற்றவளைத் தவிர வேறு யாரும் இவ்வளவு நம்பி அவளிடம் எதையும் கேட்டதில்லை.

"சரியாயிரும்யா," என்றாள். "இந்தா, இன்னைக்கே."

திரையை இழுத்து மூடினாள். "ஐயா, ஒடம்பத் தொடைக்கப் போறேன்" என்று சொல்லி, முகத்திலிருந்து தொடங்கி, கழுத்து, அக்குள், கைகள், நெஞ்சு, ஆயிரம் ஊசி ஏறிய இடுப்பு, வெள்ளைக் கால், கறுத்த கால் என்று துணி சூடாக ஆகத் திரும்ப நனைத்துத் துடைத்தாள். ஒவ்வொரு இடத்துக்கும் சொல்லிச் சொல்லித் துடைத்தாள். ஸ்பூனில் தண்ணீர் கொடுத்தாள், மருந்தை நேரத்துக்குக் கொடுத்தாள். சாயங்கால முறைக்கு வந்த ஜெபக்கனி வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"ஏ புள்ள, என்ன செய்ற? வேல போயிரும்."

"தெரியும்."

"எங்க வீட்டுல எல்லாம் என்னய நம்பித்தான் இருக்காக."

"எங்க வீட்டுலயும்தான். அவரு என்னய சிஸ்டர்னு கூப்பிட்டாரு ஜெபா. எப்ப சரியாவும்னு கேட்டாரு."

ஜெபக்கனியும் அந்தச் சொல்லுக்காகக் காத்திருந்தவள்தான். பிறகு முந்தானை ஊக்கைச் சரிசெய்வதுபோல வெள்ளை உடுப்பின் கையை மடித்துவிட்டு, இன்னொரு பேசினில் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்தாள். ராத்திரிக்கு வந்த பாண்டிச்செல்வி அழுதாள், அழுதுகொண்டே துணியைப் பிழிந்து கொடுத்தாள்.

விடியும்போது தொண்ணூற்றெட்டு புள்ளி நாலு. சங்கரேஸ்வரி அவர் நெற்றியில் கைவைத்துக்கொண்டே இருந்தாள். ஆளின் இதமான சூடு கொஞ்சநேரம் நின்றது, பிறகு அதுவும் மெல்ல விலகி, கைக்குக் கீழே பளபளப்பான பிளாஸ்டிக் மட்டும் இருந்தது. நீலக் கண் கூரையைப் பார்த்தது. "நன்றிங்கய்யா" என்றாள், வேலை முடிந்ததும் நோயாளிக்குச் சொல்ல வேண்டும் என்று அதையும் பள்ளிக்கூடத்தில் கற்றுக்கொடுத்திருந்தார்கள்.

மேனேஜர் வந்து பார்த்தார். கன்னத்தில் சுண்டிப் பார்த்தார், டொக்கென்றது. "நல்லாத்தானம்மா போய்க்கிட்டிருந்துச்சு" என்றார், நிஜமாகவே வருத்தப்பட்டு. "எதுக்கு இவ்வளவு அவசரம்?"

"கொணமாயிட்டாரு சார்."

"அதான் பாக்குறேனே."

"இங்க பாத்ததுக்கு எக்ஸ்பீரியன்ஸ்னு ஏதாவது..." என்று பாண்டிச்செல்வி இழுத்தாள். "பொம்மையப் பாத்ததுக்கெல்லாம் எப்பிடிம்மா குடுக்குறது?" என்றார் மேனேஜர். கழுத்து அட்டைகளைக் கழற்றி வாங்கிக்கொண்டார்.

திரும்பும்போதும் அதே பஸ், அதே கண்டக்டர். நெற்றியில் கைவைத்துப் பார்த்தார். முகம் மலர்ந்தது. "சபாஷ், எறங்கிருச்சே!" என்றவர், உடனேயே தொழில்முறைக்கு வந்து, "அப்ப இனி இது லக்கேஜ்தான் தாயி. படிக்கட்டுப் பக்கம் வையிங்க" என்றார். மூவரும் நின்றுகொண்டே வந்தார்கள். ஒருவர்மேல் ஒருவருக்குக் கோபமும் இல்லை, அதற்குத் தெம்பும் இல்லை. வளைவுகளில் அவர் சாயாமல் சங்கரேஸ்வரி தோளால் முட்டுக்கொடுத்துக்கொண்டாள்.

தெருவில் விஷயம் முன்னாலேயே வந்து சேர்ந்திருந்தது. ஆஸ்பத்திரியில் இருந்து பிழைத்து வருகிறவருக்குச் செய்கிற மாதிரி பக்கத்து வீட்டுக்காரி ஆரத்தித் தட்டோடு நின்றாள். பேசிவைத்தபடி, தணிந்தபின் பார்க்கலாம் என்ற கேள்வியைக் கேட்க வந்த சுந்தரவேலு, "எளச்சுப் போயிட்டாரே" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார். ராமுத்தாய் மகளின் வெறும் கழுத்தைப் பார்த்தாள். கேட்டாள். மகள் எல்லாவற்றையும் சொன்னாள், நூறில் நிறுத்தி வைத்ததைக்கூட மறைக்காமல்.

தீப்பெட்டி ஆபீஸில் நாளைக்கு என்ன சொல்வது என்று ராமுத்தாய் யோசிப்பது முகத்தில் தெரிந்தது. பிறகு எழுந்து, கொடியில் இடம் இல்லாததால், துவைத்த துண்டை எடுத்துக்கொண்டு மூலையில் நிற்கவைத்திருந்த துரைசாமியிடம் போனாள்.

"யய்யா, கையில துண்டு போடப் போறேன்," என்று சொல்லிவிட்டுப் போட்டாள்.

அடுத்த வாரம் சங்கரேஸ்வரி வெள்ளை உடுப்பை இஸ்திரி போட்டாள். கஞ்சிக் கறை ஒன்று எவ்வளவு தேய்த்தும் போகாமல் இடுப்புப் பக்கம் நின்றது. மடித்து மறைக்கப் பார்த்து, அப்புறம் இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள். கோவில்பட்டியில் ஒரு ஆஸ்பத்திரி. நீளமான பெஞ்சு, நிறையப் பிள்ளைகள், எல்லாருடைய மடியிலும் ஒரே மாதிரி பிளாஸ்டிக் உறை. அவள் முறை வருவதற்குள் வெயில் சாய்ந்துவிட்டது. உள்ளே இருந்த அம்மா கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் தேய்த்துக்கொண்டு, அவருக்கும் களைப்பாகத்தான் இருந்தது, அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"எக்ஸ்பீரியன்ஸ் இருக்கா?"

"இருக்கு மேடம்," என்றாள் சங்கரேஸ்வரி. "ஒருத்தரப் பாத்தேன். கொணமாயிட்டாரு."